மணல் ஓட்டப் பழக: வந்தபடியே வண்டி போதுமா, உயர்த்திக் கட்டணுமா?

ஷார்ஜாவில் நானும் ரூமில் கூட இருக்கும் அண்ணனும் ஒரே குளிர்காலத்தில் ஆளுக்கொரு பழைய பஜேரோ வாங்கினோம். அவர் கையோடு ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய மட் டெரெய்ன் (சேற்று நிலத்துக்கான) டயர் போட்டார். நான் எதையும் தொடவில்லை. மெலிஹா, அல் பதாயர் பாலைவனப் பக்கம் இரண்டு சீசன் ஓட்டியாச்சு. புதிதாகப் பழகுபவர் காசை மாற்றங்களில் போட வேண்டாம் என்பதே என் கட்சி.

ஃபோர் வீல் டிரைவும் லோ ரேஞ்சும் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) வேண்டும். அதில் பேச்சே இல்லை. விஷயமெல்லாம் டயர் காற்றில் இருக்கிறது. ரோட்டில் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்திருப்போம். மணலில் இறங்குமுன் 15க்குக் கொண்டுவந்தால் டயர் தரையில் படியும் இடம் நீளமாகிறது. வண்டியின் எடை பரவி மணல் தாங்குகிறது. 35லேயே இறங்கினால் எவ்வளவு பெரிய எஞ்சினும் குழிதான் தோண்டும். அண்ணன் டயரை நம்பி 22இல் நிறுத்தினார். அல் பதாயரில் முதல் மேட்டிலேயே சேஸி வரை புதைந்தது. மட் டெரெய்னின் தடித்த கட்டைகள் சேற்றுக்கு நல்லவை. காய்ந்த மணலை வாரி வெளியே தள்ளிவிடும். மண்ணை அள்ளி, 14க்கு இறக்கியதும் வண்டி தானாக ஏறி வந்தது. அதற்காக ரொம்பவும் இறக்கக் கூடாது. 12க்குக் கீழே போய் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வண்டி வாங்கும்போதே 20 அங்குல ரிம்மைத் தவிர்த்து 17 அங்குலம் பாருங்கள். பக்கச்சுவர் உயரமான டயர்தான் நன்றாக அமுங்கும். காற்று மானி, கம்ப்ரெசர், மண்வெட்டி: முதல் செலவு இவை.

உயர்த்தியதில் அவருக்கு ஒரு லாபம் உண்மை. மேட்டிலிருந்து இறங்கும் இடத்தில் என் முன் பம்பர் மணலில் குத்தி கிளிப்புகள் உடைந்தன. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எடை மேலே ஏறியதால் பக்கச்சரிவில் அவர் வண்டி சீக்கிரம் சாய்கிறது. பழகுகிறவர்கள் தப்பு செய்வதும் அந்தச் சரிவில்தான். முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்கும்போது அனுமதி இல்லாத மாற்றம் பாஸிங்கில் (வண்டிப் பரிசோதனையில்) நின்றுவிடும் என்று பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டித்தான் அவர் கொண்டுபோனார். கூலி இரண்டு தடவை.

அபுதாபியின் லிவா பாலைவனத்துக்கு ஒரே முறை, அதுவும் பின் சீட்டில் போயிருக்கிறேன். அந்தப் பெரிய மேடுகளில் நாள் முழுக்க ஓட்டுபவருக்கு நல்ல ஷாக் அப்சார்பர் உதவலாம். அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

ஒன்றை மட்டும் முதல் நாளே பாருங்கள். வண்டியைக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றிக் கட்ட வைத்த வளையத்தில், புதைந்த வண்டியை மீட்கக் கயிறு மாட்டி இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு பறக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. இழுக்கவென்றே சேஸியில் பூட்டிய கொக்கி முன்னும் பின்னும் இல்லையென்றால் அதைப் போட்ட பிறகே மணலில் இறங்குங்கள்.