எட்டு மாத டக்டக்கோ: கோத்தகிரியிலிருந்து ஒரு நிரலாளரின் மதிப்புரை

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுகிறேன். பச்சைத் தேயிலையை விலைக்கு வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றுக்காக, சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலையின் எடையையும் மாத முடிவில் அவர்களுக்குச் சேர வேண்டிய தொகையையும் கணக்கிடும் செயலியைப் பராமரித்து வருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலையில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் காட்டிய பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்து, அப்போது பயன்படுத்திவந்த தேடுபொறியில் ஒட்டித் தேடினேன். ஒரே கைப்பேசி எண் இருமுறை பதிவாகிறது என்று சொல்லும் அந்தச் செய்தி, எந்த எண் என்பதையும் சேர்த்தே காட்டும். மறுநாள் தேடல் வரலாற்றைத் திறந்தபோது, எங்கள் விவசாயி ஒருவரின் எண், என் கணக்கின் பெயரில் தேதி நேரத்துடன் அங்கே பதிவாகியிருந்தது. என் தேடல்கள் என்னைப் பற்றியவை மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்தேன். இலை கொடுத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பவரின் எண்ணை வேறொருவரின் கிடங்கில் கொண்டுபோய் வைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. அன்றே உலாவியின் இயல்புத் தேடுபொறியை டக்டக்கோவுக்கு மாற்றினேன்.

கேப்ரியல் வைன்பெர்க் 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கிய தேடுபொறி இது. வழக்கமான இணையத் தேடல் முடிவுகளில் பெரும்பகுதியை மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிடமிருந்து பெறுகிறது. ஆனால் கேட்டவர் யார் என்பதைப் பிங்குக்குத் தெரிவிக்காமல், தானே இடையில் நின்று கேட்டுத் தருகிறது. தேடியவரோடு தேடலைப் பிணைக்கும் வரலாறு எதையும் வைத்துக்கொள்வதில்லை என்பது அதன் கொள்கை. வருமானம் விளம்பரத்திலிருந்துதான் வருகிறது என்றாலும், அந்த நேரத்தில் தட்டச்சு செய்த சொல்லை மட்டுமே பார்த்து விளம்பரம் தெரிவு செய்யப்படுகிறது. அமைப்புகளில் விளம்பரத்தை முழுவதுமாக நிறுத்திவிடவும் முடியும். இத்தகைய சேவை நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்புவதால் நான் நிறுத்தவில்லை.

நிரலாளர்களுக்கு இதில் உள்ள பெரும் வசதி, 'பேங்' எனப்படும் குறுக்குவழிகள். ஆச்சரியக்குறியை இட்டு, அதை ஒட்டி எஸ், ஓ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டிவிட்டுக் கேள்வியை எழுதினால், தேடல் நேராக, நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போய்விடுகிறது. ஜி, ஹெச் என்று தட்டினால், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப். எம், டி, என் என்று தட்டினால், இணையப் பக்கங்களை எழுதும் மொழிகளான ஜாவாஸ்கிரிப்டுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் நாம் நம்பும் எம்டிஎன் ஆவணங்கள். இப்படி 13,000-க்கும் மேற்பட்ட தளங்களுக்குக் குறுக்குவழிகள் உள்ளன. கேள்வியின் தொடக்கத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நடுவிலோ முடிவிலோ எழுதினாலும் வேலை செய்யும். முதல் இரண்டு வாரங்கள் எழுத்துகள் விரலுக்குப் பழகவில்லை. பழகிய பிறகு, எதைத் தேடுகிறேன் என்பதோடு எங்கே தேடுகிறேன் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யும் வழக்கம் வந்தது. ஒரு செயல்கூறு (ஃபங்ஷன்) எந்த மதிப்பைத் திருப்பித் தரும் என்று அறிய வேண்டியபோது, முன்பெல்லாம் நான்கைந்து வலைப்பதிவுகளைப் புரட்டுவேன். இப்போது மூல ஆவணத்தின் பக்கத்திலேயே போய் இறங்குகிறேன். என் வேலையின் தரம் இதனால் உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன். முடிவுகளுக்கிடையே ஜே, கே விசைகளால் இறங்கி ஏறலாம் என்பதும் சுட்டியைத் தொட விரும்பாதவர்களுக்கு உதவும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழையே கனமாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் சாய்ந்து ஃபைபர் கம்பி அறுந்தால், சரிசெய்யப்படும் வரை கைப்பேசியின் மெலிந்த சிக்னலை நம்பித்தான் வேலை செய்ய வேண்டும். டக்டக்கோவுக்கு 'லைட்' என்றொரு எளிய வடிவம் இருக்கிறது. அதில் படமோ ஜாவாஸ்கிரிப்டோ கிடையாது, வெறும் எழுத்தும் இணைப்பும்தான். சென்ற கார்த்திகையில் மூன்று நாள்கள் தொடர்ந்து ஃபைபர் இல்லாதபோது, மாதக் கணக்கு முடிக்கும் வேலையை அந்தப் பக்கத்தைக் கொண்டே முடித்தேன். ஒளிவுமறைவில்லாத, அளவான அந்தப் பக்கத்தின் மீது எனக்குத் தனிப் பிரியமே உண்டு.

குறைவாகக் கிடைப்பவற்றையும் சொல்ல வேண்டும். நம்மை நினைவில் வைக்காத தேடுபொறி, நாம் இருக்கும் ஊரையும் நினைவில் வைக்காது. பகுதியை இந்தியா என்று அமைத்துக்கொண்டாலும், 'மருந்துக்கடை' என்று மட்டும் தட்டாமல் 'கோத்தகிரி மருந்துக்கடை' என்று ஊர்ப் பெயரையும் சேர்த்தே தட்ட வேண்டும். அதன் வரைபடம் ஆப்பிள் நிறுவனத்துடையது. மலைக்கிராமத்துச் சிறு கடைகளைத் தேடும்போது நான் வேறு வரைபடத்துக்குத்தான் போகிறேன். தமிழில் தேடும்போது வேற்றுமை உருபுகளை நீக்கி, 'தேயிலையின் விலையை' என்பதைத் 'தேயிலை விலை' என்று பெயர்ச்சொற்களாக எழுதுவது நல்லது. இது எந்தத் தேடுபொறிக்கும் பொருந்தும்.

தனியுரிமை என்ற சொல்லை அளவுக்கு மீறி நம்பிவிடவும் கூடாது. பேங் இட்டு வேறொரு தளத்துக்குப் போன பிறகு, அந்தத் தளத்தின் விதிகளே பொருந்தும். நாம் எந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்பது இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்குத் தெரியவே செய்யும். டக்டக்கோ தனியாக வெளியிடும் உலாவி, பிற தளங்களில் இருந்த மைக்ரோசாஃப்டின் சில பின்தொடர் நிரல்களைத் தடுக்காமல் விட்டிருந்தது 2022 மே மாதம் வெளியானது. அந்த ஆகஸ்டில் அவற்றையும் தடுக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அது தேடுபொறியைப் பற்றியது அன்று, உலாவியைப் பற்றியது. என்றாலும் மைக்ரோசாஃப்டை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை அது காட்டியது. 2024 மே 23 அன்று பிங் முடங்கியபோது டக்டக்கோவும் சேர்ந்து முடங்கியதற்கும் அதுவே காரணம். அவசர வேலை உள்ளவர்கள் இரண்டாவது தேடுபொறி ஒன்றை உலாவியில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

பிழைச் செய்தியை ஒட்டும் முன் அதிலுள்ள பெயர், எண், சேவையகத்தின் முகவரி ஆகியவற்றை நீக்கிவிடுவது இப்போது என் வழக்கம். தேடுபொறி எதுவானாலும் அந்த வேலை நம்முடையதே. அதற்காகச் சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். நகலெடுத்த வரியில் பத்து இலக்க எண் இருந்தால் அதை எக்ஸ் எழுத்துகளாக மாற்றிவிடும்.

சென்ற வாரம் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள கணக்காளர் டக்டக்கோவின் சின்னத்தைப் பார்த்து, "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல இருக்குற அந்த வாத்துப் படம் என்ன?" என்று கேட்டார். விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்களோடு நாள் முழுவதும் வேலை செய்பவர் அவர். விளக்கிச் சொன்னேன், தம் கணினியிலும் மாற்றித் தரச் சொன்னார். இரண்டு நிமிட வேலைதான். மாற்றி முடித்ததும், குன்னூர் தேயிலை ஏலம் என்று தமிழில் தட்டி, வந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.