ஒரு வாரம் சிங்கப்பூர், மலேசியா: ரோமிங் பேக்கா, லோக்கல் சிம்மா, இ-சிம்மா?

திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். கோலாலம்பூரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மகன் வீட்டுக்கு, கல்யாணத்துக்கு, பத்துமலைக்கு, சும்மா சுற்றிப் பார்க்க என்று ஒரு வாரம், பத்து நாள் போய்வருபவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். டிக்கெட்டில் ஐநூறு ரூபாய் குறையுமா என்று பத்து இடத்தில் விசாரிக்கிறவர்கள்கூட போன் விஷயத்தை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே போய் அவசரத்தில் எடுக்கிற முடிவில் காசு போவது ஒரு பக்கம். வங்கி ஓடிபி வராமல் நடுவழியில் நிற்பது அதைவிடப் பெரிய தொல்லை.

அதனால் என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியை எடுத்தாலும் இந்திய சிம் போனுக்குள் உயிரோடு இருக்க வேண்டும். வங்கி, கிரெடிட் கார்டு, ஜிமெயில் எல்லாமே அந்த நம்பரைத்தான் தேடும். யுபிஐ ஆப்களும் பல வங்கி ஆப்களும் சிம் போனில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. வாட்ஸ்அப் மாதிரி ஆப்களும் பதிவுசெய்த சிம் இருக்கும் போனில் மட்டுமே இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. ஆக, அந்த சிம்மைக் கழற்றி பர்ஸில் வைக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நெட்டுக்கு என்ன செய்வது என்பதுதான் மீதிக் கேள்வி.

ரோமிங் பேக்: வசதிக்குக் கொடுக்கும் விலை

ரோமிங் என்றால் நம் இந்திய சிம்மே அங்கேயும் வேலை செய்வது, சிம்மைத் தொடவே வேண்டாம். இறங்கியதும் ஏரோபிளேன் மோடை எடுத்தால் சிங்கப்பூர் கம்பெனிகளான சிங்டெல்லையோ ஸ்டார்ஹப்பையோ பிடித்துக்கொள்ளும். அதே நம்பர், அதே ஓடிபி, வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் வழக்கம்போல் அடிக்கும். இரண்டு மூன்று நாள் வேலையாகப் போய்வருபவர் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

நாள் கூடும்போதுதான் இடிக்கிறது. 2022 டிசம்பரில் ஏர்டெல் ‘வேர்ல்ட் பாஸ்’ வந்தபோது ஒரு நாள் பேக் 649 ரூபாய். வேகமான டேட்டா 500 எம்பி, பேச 100 நிமிடம். ஏழு நாளைக்குப் பெருக்கினால் 4,543 ரூபாய். பல நாளுக்கான பேக்குகளும் உண்டு, கணக்குக்கு அவை மலிவுதான். ஆனால் அவற்றில் டேட்டா எவ்வளவு என்பதைக் கவனியுங்கள். மேப், கிராப் (அங்கே டாக்சி கூப்பிடும் ஆப்), வாட்ஸ்அப் வீடியோ கால் என்று போனால் 1 ஜிபி இரண்டு நாள் தாங்காது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சுமார் 15 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்), அதாவது ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு, ஒரு வாரம் தாராளமாகச் செலவழித்தாலும் தீராத அளவு டேட்டாவோடு சுற்றுலா சிம் கிடைக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யார் யாருக்கு எது என்பது பாதி தெரிந்துவிடும்.

ரோமிங்கில் பலரும் கவனிக்காத ஒன்று, வருகிற காலுக்கும் பெரும்பாலும் நாம்தான் காசு கொடுக்கிறோம். பேக் போட்டிருந்தால் பலவற்றில் நிமிடம் கழியும், இல்லாவிட்டால் நிமிடக் கணக்கில் பணமே கழியும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது “சார், பெர்சனல் லோன் வேணுமா?” என்று வரும் காலை எடுத்தாலும் அதே கணக்குதான். அடித்து ஓய்ந்த காலுக்குக் கட்டணம் இல்லை. எடுக்காமல் விட்டு வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள்.

விமானத்துக்குள்ளும் ஒரு வீண்செலவு காத்திருக்கிறது. சில விமானங்களில் வானத்திலேயே மொபைல் நெட்வொர்க் உண்டு. ஏரோபிளேன் மோட் போடாத போன் அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கட்டணம் தனி, சாதாரண நாட்டு பேக்கில் பெரும்பாலும் அது வராது.

லோக்கல் சிம்: இன்னும் மவுசு குறையவில்லை

காசுக்கு அதிக டேட்டா, நல்ல வேகம், கையில் ஒரு உள்ளூர் நம்பர். மூன்றும் சேர்ந்து கிடைப்பது இதில்தான். கிராப் டிரைவர் வாசலைத் தேடிக் கூப்பிடும்போதும், ஹோட்டலில் மேஜை பதிவு செய்யும்போதும் உள்ளூர் நம்பரின் அருமை தெரியும். சாங்கியில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கவுன்டர்கள் இருக்கின்றன. ஊருக்குள் செவன் லெவன் கடைகளிலும் வாங்கலாம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யு மொபைல் என்ற மலேசிய கம்பெனிகளின் சிம் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும்.

கவுன்டரில் நடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். போனை வாங்குவார்கள், ஊசியால் ட்ரேயைத் தள்ளுவார்கள், நம் ஏர்டெல்லையோ ஜியோவையோ எடுத்துவிட்டு அதே குழியில் புதிய சிம்மை வைப்பார்கள். பழையதை அட்டையில் டேப் போட்டு ஒட்டிக் கையில் தருவார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, வேலை முடிந்தால் போதும். அந்த நிமிடத்தோடு உங்கள் ஓடிபி நின்றது. “ரெண்டாவது ஸ்லாட்டில் போடுங்க” என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, நம் ஊரில் விற்கும் நிறைய போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழிதான். கார்டு போட்டிருந்தால் ஊரிலேயே கழற்றி, படங்களை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

இ-சிம்: போன் இடம் கொடுத்தால் இதுதான்

இ-சிம் என்றால் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம். முதலில் உங்கள் போனில் அந்த வசதி இருக்கிறதா? *#06# அடியுங்கள். ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று ஒரு நீள எண்ணும் வந்தால் இருக்கிறது. ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இல்லை.

இருந்தால் நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். காரணம் எளிது: இந்திய சிம் இருந்த இடத்திலேயே இருக்கும். வரிசை இல்லை, ஊசி இல்லை, இறங்கிய நிமிடமே நெட். விலை பெரும்பாலும் லோக்கல் சிம்முக்கும் ரோமிங்குக்கும் நடுவில் நிற்கும்.

குறைகளும் உண்டு. பயண இ-சிம்கள் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும், பேசுவதற்கு நம்பர் கிடையாது. கிராப் கணக்கை அங்கே போய்த் தொடங்கலாம் என்று இருந்துவிடாமல், இந்திய நம்பரில் இங்கேயே தொடங்கி வைத்துவிடுங்கள். பல இ-சிம்கள் உண்மையில் மூன்றாம் நாட்டு கம்பெனியின் ரோமிங் இணைப்புகள். அதனால் நெட் சுற்றுவழியில் போகும், சில ஆப்கள் நீங்கள் வேறெங்கோ இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ‘அன்லிமிடெட்’ என்று விற்பதிலும் ஒரு நாளைக்கு இத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

வாங்கும் இடமும் முக்கியம். 2024 ஜனவரியில் பயண இ-சிம் விற்கும் ஏராலோ, ஹோலாஃப்ளை இரண்டின் ஆப்களையும் தளங்களையும் இந்தியாவில் தடுக்க அரசு உத்தரவிட்டது. வெளிநாட்டு சிம்மை இங்கே விற்க தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது உள்ள விற்பனையாளரிடம் வாங்கினால் பிரச்சினை வந்தால் கேட்கவும் ஆள் இருக்கும்.

வாங்கிய இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள். அதற்காக அனுப்பும் க்யூஆர் கோடு அதே போனில் இருந்தால் அதையே ஸ்கேன் செய்வது சிரமம், வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி அதிலிருந்து ஸ்கேன் செய்யலாம். ஏற்றியபின் அழிக்காதீர்கள். அழித்தால் அதே கோடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது.

இனி செட்டிங்ஸ். மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு டேட்டா ரோமிங் ஆன், இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப். ஐபோனில் ‘அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’ என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் இ-சிம் சிக்னல் குறையும்போது போன் தானாகவே இந்திய சிம்மின் நெட்டுக்குத் தாவப் பார்க்கும். லோக்கல் சிம் போட்டாலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்.

பாக்கெட் வைஃபை

கையடக்கக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, எல்லோரும் அதன் வைஃபையைப் பயன்படுத்துவது இது. நாலைந்து பேர் எப்போதும் சேர்ந்தே சுற்றினால் மட்டும் யோசிக்கலாம். சார்ஜ் போட வேண்டும், திருப்பித் தர வேண்டும், கருவி வைத்திருப்பவர் முஸ்தபா கடையின் ஒரு மாடியிலும் மற்றவர்கள் இன்னொரு மாடியிலும் நின்றால் யாருக்கும் யாரையும் கூப்பிட முடியாது. ஒருவர் லோக்கல் சிம் போட்டு ஹாட்ஸ்பாட் கொடுத்தாலே அதே பலன்.

இரண்டு நாடும் சேர்ந்தால்

சிங்கப்பூரில் இறங்கி ஜோகூர் பாரு வழியாக மலேசியா போகிறவர்கள் நிறைய. சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் பக்கம் போனாலே, பாலத்தைத் தாண்டும் முன்பே, போன் மலேசிய டவரைப் பிடிப்பதுண்டு. தனுஷ்கோடியில் நின்றால் இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்புக் குறுஞ்செய்தி வருமே, அதே சங்கதி. சிங்கப்பூருக்கு மட்டுமான சிம் மலேசியாவுக்குள் செத்துவிடும். மலேசிய ரோமிங் டேட்டாவும் சேர்ந்த சுற்றுலா சிம்மைக் கேட்டு வாங்குங்கள், அல்லது இரண்டு நாட்டுக்கும் செல்லும் இ-சிம்மைப் போடுங்கள். மலேசியாவில் நாலைந்து நாள் தங்குவதானால் அங்கே தனி சிம் வாங்குவதே லாபம்.

அப்பா, அம்மா தனியாகப் போகிறார்கள் என்றால்

இங்கே மட்டும் என் கணக்கு மாறும். விலை கூடினாலும் ரோமிங் பேக் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அங்கே அவர்கள் தங்கும் மகள் வீட்டில் வைஃபை இருக்கும், டேட்டா அதிகம் வேண்டியதில்லை. இமிகிரேஷனில் எதையாவது கேட்டாலோ, வெளியே வந்து ஆளைத் தேடினாலோ, பழகிய நம்பரில் ஒரு கால் போக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இந்தப் பணம்.

போனையும் பாருங்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே போய்விட்டது, 3ஜியும் 2024-ல் மூடப்பட்டது. அம்மாவின் பழைய 2ஜி பட்டன் போன் அங்கே இறங்கியதும் வெறும் டப்பாதான், எந்த பேக் போட்டாலும் சிக்னல் வராது. 4ஜி போனாக இருந்தாலும் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, இருந்தால்தான் பேச முடியும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கம்பெனியைக் கூப்பிட்டு, அந்தப் போனில், அந்த சிம்மில், சிங்கப்பூரில் கால் வேலை செய்யுமா என்று கேட்டுவிடுங்கள். ப்ரீபெய்டாக இருந்தால் ரோமிங் பேக் மட்டும் போதாது, சாதாரண ரீசார்ஜின் கெடுவும் அவர்கள் திரும்பும் நாள் வரை இருக்க வேண்டும். எஸ்ஜி அரைவல் கார்டை, அதாவது சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்பும் படிவத்தை, பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நீங்களே ஆன்லைனில் போட்டு, மகள் நம்பரோடு சேர்த்து ஒரு தாளில் அச்செடுத்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.