பாதுகாப்பு வகுப்பில் தரும் கிட்: எது தேறுகிறது, எது தேறவில்லை

குடியிருப்போருக்கான குற்றத்தடுப்பு வகுப்புகளில் பல இடங்களில் கையோடு ஒரு கிட்டும் தருகிறார்கள். பிராண்டு மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: பின்னை உருவினால் அலறும் கைச் சைரன், கதவுக்கடியில் செருகும் ஆப்பு அலாரம், ஜன்னல் திறந்தால் கத்தும் காந்த அலாரம் இரண்டு, விளக்குக்கு ஒரு டைமர், பொருட்களில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் எழுதும் யூவி பேனா, நாலு பக்கக் கையேடு. மோசமில்லை. ஆனால் பெட்டி முழுக்கச் சத்தம் போடும் சாமான்தான். கதவைத் தாங்கிப் பிடிக்கும் சாமான் ஒன்றுகூட இல்லை. இந்த வகைக் கிட்டின் பெரிய குறை இதுவே.

முதலில் கைச் சைரன். அட்டையில் 130 டெசிபல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. சூட்சுமமே அங்கேதான். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். 10 சென்டிமீட்டரில் அளந்த 130 என்றால் 1 மீட்டரில் 110, 10 மீட்டரில் 90, 100 மீட்டரில் 70. நடுவில் மூடிய ஜன்னல் இருந்தால் மேலும் 25 டெசிபல் போலக் கழியும். அந்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் சைரன் காதில் விழவே விழாது. எனவே ஊரைக் கூட்டும் கருவி என்று இதை நம்ப வேண்டாம். வம்புக்கு வருபவரைத் திடுக்கிட வைத்து, விலகி ஓட இரண்டு மூன்று நொடி கிடைக்கச் செய்வது இதன் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

பின் உருவும் வகையைத்தான் வாங்க வேண்டும். பட்டன் வகையை இன்னொரு தட்டுத் தட்டி நிறுத்திவிடலாம். பின் வகையில் பின் திரும்பச் சொருகினால்தான் அடங்கும். ஆகவே பின்னின் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும். உருவியதும் சைரனைக் கீழே போட்டுவிட்டு, பின்னோடு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பக்கம் ஓட வேண்டும். பைக்குள் அடியில் கிடக்கும் சைரன் இருந்தும் இல்லாத கணக்கு. தோள் வாருக்கு வெளியே, பழக்கக் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். சில மாடல்களில் அதே பேட்டரியில் ஒரு குட்டி டார்ச்சும் ஓடுகிறது. டார்ச்சை ஆசையாகப் பயன்படுத்தினால் அவசரத்தில் சைரன் முனகும். மாதம் ஒருமுறை ஒரு நொடி ஒலிக்கவிட்டுப் பாருங்கள், காதருகே வைத்து அல்ல.

ஆப்பு அலாரம் உள்பக்கம் திறக்கும் கதவுக்கு மட்டும். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் இதற்கு வேலையே இல்லை, கையேட்டில் இதைச் சொல்வதும் இல்லை. கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஆப்பின் தடித்த முனையைவிடப் பெரிதாக இருந்தாலும் பிடிக்காது. வழுவழுப்பான டைல்ஸில் வழுக்கும். அடிப்பக்க ரப்பரில் தூசி படிவதுதான் முக்கியக் காரணம். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தாலே பிடிமானம் கூடும். செருகிய பிறகு ஒருவரை வெளியே நிற்கவைத்துத் தோளால் தள்ளச் சொல்லுங்கள். ஆப்பு பின்னால் நகர்ந்தால் அது வெறும் அலாரம், தடுப்பு இல்லை. பின்பக்கச் சின்ன சுவிட்சில் உணர்திறனை உச்சத்தில் வைத்தால் காற்றுக்குக் கதவு ஆடினாலும் அலறும், நடுவில் வையுங்கள். தீ விபத்து நேரத்தில் தானாக எடுக்க முடியாதவர்கள், அதாவது சிறுபிள்ளைகளும் முதியவர்களும், தனியாகத் தூங்கும் அறையில் இதைச் செருகவே கூடாது.

காந்த அலாரத்தில் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒட்டுவதில் வரும் கோளாறு. இரண்டு துண்டுகளிலும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் இருக்க வேண்டும், இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரும்புச் சட்டத்தின் மேல் நேரடியாக ஒட்டினால் காந்தப்புலம் பலவீனப்பட்டு, மூடிய ஜன்னலே திறந்ததாகக் கணக்காகிக் கத்தும். நடுவே அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு வைத்தால் சரியாகிவிடும். ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் டேப் சில வாரத்தில் கழன்று விழும். காற்றுக்காக ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைப்பவர்கள், அந்த நிலைக்கு நேராக இன்னொரு காந்தத் துண்டை ஒட்டிக்கொள்ளலாம்.

டைமர் நல்ல சாமான். 15 நிமிடத்துக்கு ஒரு பல் வீதம் 96 பல் உள்ள சுழல் வகை என்றால், மின்சாரம் போகும் நேரமெல்லாம் கடிகாரம் நின்று பின்தங்கும்; இரண்டு மணி நேரம் தடைப்பட்டால் மாலை ஆறுக்கு வைத்த விளக்கு இரவு எட்டுக்குத்தான் எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் வகையில் இந்தத் தொல்லை இல்லை. யூவி பேனாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வெயிலில் மை மங்கும், கண்ணாடியில் தேய்த்தால் போய்விடும். அதற்குப் பதில் பொருட்களின் சீரியல் எண்ணையும், போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைப்பது பத்து நிமிட வேலை. புகார் கொடுக்கும்போது கேட்பதும் அந்த எண்ணைத்தான்.

இனி கிட்டில் இல்லாதது. கதவை உதைத்தால் பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை, நிலைதான் பிளக்கும். பூட்டின் நாக்கு நுழையும் தகட்டை நிலையில் பிடித்திருப்பது பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இரண்டு. அது மரத்தின் மேல்தோலைத்தான் பிடிக்கும். அதைக் கழற்றி 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போடுங்கள். முதலில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, மரையில் கொஞ்சம் சோப்புத் தடவி, கடைசி நாலைந்து சுற்றைக் கையால் முறுக்குங்கள். மெஷினாலேயே முடித்தால் தலை முறியும், முறிந்த ஸ்க்ரூவை வெளியே எடுப்பது தனிப் பாடு. நிலைக்குப் பின்னால் செங்கல் சுவர் என்றால் சுவருக்குள்ளும் துளையிட்டு ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளக் வைக்க வேண்டும். கீல்களிலும் ஒவ்வொன்றுக்கு ஒரு ஸ்க்ரூவையாவது இப்படி நீளமாக்குங்கள். சிலிண்டர் பூட்டு என்றால் வெளித்தகட்டைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டினால் பற்றிப் பிடித்து முறிக்க வசதி செய்து கொடுத்ததாகும்.

இவ்வளவும் செய்தாலும் கிடைப்பது நிமிடக் கணக்கு அவகாசம்தான். கதவு, ஜன்னல் உடைப்பைத் தாங்குவதற்கான ஐரோப்பிய இஎன் 1627 தரத்தில் ஆர்சி2 வகுப்புக் கதவு திருப்புளி, ஆப்பு போன்ற சாதாரணக் கருவிகளுக்கு 3 நிமிடம் தாங்க வேண்டும், ஆர்சி3 கடப்பாரைக்கு 5 நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் சத்தம் கேட்டு யார் எட்டிப் பார்ப்பார்கள் என்பதை முடிவு செய்துகொள்ளத்தான் வகுப்பு. கிட்டைவிட வகுப்புக்கு நாங்கள் அதிக மதிப்பெண் தருவது இதனால்தான்.

1980களில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கிர்க்கோல்ட் குடியிருப்பில் நடந்த திருட்டுத் தடுப்புத் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஒருமுறை திருடு போன வீட்டில் மறுபடியும் திருடு போகும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பார்த்து, அந்த வீட்டைச் சுற்றியுள்ள சில வீடுகளை மட்டும் ஒரு கண்காணிப்பு வளையமாக்கினார்கள். உள்ளே இருக்கும் பணத்துக்காகத் திருடர்கள் குறிவைத்த, காசு போட்டால் மின்சாரமும் எரிவாயுவும் தரும் மீட்டர்களையும் வீடுகளிலிருந்து அகற்றினார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது. நல்ல வகுப்பும் இப்படித்தான் பக்கத்து வீட்டுக்காரர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, யார் பகலில் வீட்டில் இருப்பார், எந்தச் சத்தத்துக்கு எட்டிப் பார்ப்பது, எதற்கு நேரே அவசர எண்ணை அழைப்பது என்று எழுதவைக்கும். அழைப்பு ஒத்திகையும் இருக்கும்: முதலில் இடம், பிறகு நடப்பது என்ன, பிறகு ஆள் அடையாளம், போன திசை. லைன் பாதியில் அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

தவிர்க்க வேண்டிய வகுப்பும் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் கத்தியைப் பிடுங்கக் கற்றுத் தருகிறோம் என்றால் பதிவு செய்யாதீர்கள். அது ஆபத்தான நம்பிக்கையைத்தான் தரும். வாட்ஸ்ஆப் குழு தொடங்கிக் கொடுத்துவிட்டு விதிமுறை சொல்லாமல் போகிறவர்களும் அப்படியே. குழுவில் போடுவது ஒருவர் செய்வதைப் பற்றி இருக்க வேண்டும், தோற்றத்தைப் பற்றி அல்ல. ‘புது ஆள் ஒருத்தன் சுத்துறான்’ என்றால் அப்பாவி ஒருவர் அடிவாங்குவார். ‘மூன்று வீட்டுக் கதவுப் பிடியை வரிசையாக அழுத்திப் பார்த்தார், மணி 2.40’ என்றால் காவல்துறைக்கு அது பயன்படும். யாரையும் பின்தொடரக் கூடாது, முகத்தைப் படமெடுத்துப் பரப்பக் கூடாது, அவசர எண்ணை அழைத்த பிறகே குழுவில் எழுத வேண்டும் என்ற மூன்றையும் முதல் செய்தியாகப் பின் செய்து வைக்கச் சொல்லும் பயிற்சியாளர் கிடைத்தால் கிட் இல்லாவிட்டாலும் சேருங்கள்.