மலைக்காடு: சேவை பிரமாதம், பில்தான் தப்பான வீட்டுக்குப் போகிறது

தண்ணீர் சப்ளையை மட்டும் பார்த்தால் மலைக்காட்டுக்கு ஐந்துக்கு ஐந்து ஸ்டார் கொடுத்துவிடலாம், யோசிக்கவே வேண்டாம். காட்டுத் தரையில் காய்ந்த சருகை விலக்கினால் பாதி மக்கிய இலை, அதற்கும் கீழே விரல் வைத்தாலே அமுங்கும் கறுப்பு மண், நடுவில் வெள்ளை இழை இழையாகப் பூஞ்சை, புழு குடைந்த ஓட்டைகள். இதன் மேல் விழும் மழை ஓடுவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது, அப்புறம் மழை நின்று பல நாள் கழித்தும் கீழே ஊற்றாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. மொட்டையடித்த சரிவில் அதே மழை மேல்மண்ணையும் வாரிக்கொண்டு கலங்கலாக ஓடி, ஒரே நாளில் முடிந்துவிடும்.

மேகம் உரசும் உயரத்தில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. மழையே இல்லாத நாளிலும் மூடுபனி இலையிலும் பாசியிலும் பட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஹோண்டுராஸ் தலைநகர் தெகுசிகால்பாவின் குடிநீரில் பெரிய பங்கு லா டிக்ரா என்ற இப்படிப்பட்ட மேகக்காட்டிலிருந்துதான் வருகிறது.

ஒரு எச்சரிக்கை: ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்டுவிட்டு அதையும் காடு என்று தள்ளிவிடுவார்கள், ஏமாற வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் புல்லும் புதரும் இருந்த மலைச்சரிவுகளில் பைனும் யூகலிப்டஸும் நட்ட பிறகு ஓடைகளில் தண்ணீர் குறைந்ததைப் பல பத்தாண்டுகள் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது பாதுகாப்பு. சுவிட்சர்லாந்தில் ஆண்டர்மாட் ஊர்க்காரர்கள், தலைக்கு மேலே இருக்கும் காட்டில் யாரும் கோடாலி வைக்கக் கூடாது என்று 1397-லேயே எழுதிவைத்துவிட்டார்கள், காரணம் பனிச்சரிவு. மண்சரிவு விஷயத்தில் வேலை செய்வது வேர். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது: வெட்டிய மரத்தின் வேர் உடனே போய்விடாது, மண்ணுக்குள் மெல்ல அழுகும், அதனால் வெட்டிய வருஷம் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், சில வருஷம் கழித்து ஒரு கனமழையில் சரிவு பெயர்ந்து வரும், மரத்தை விற்றுக் காசு பார்த்தவர் அதற்குள் கிளம்பிப் போயிருப்பார். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், ஆழத்திலிருந்து நகரும் பெரிய நிலச்சரிவை எந்த வேரும் பிடித்து நிறுத்தாது, மண் ஏற்கெனவே ஊறி நிரம்பியிருக்கும்போது நாள்கணக்கில் கொட்டும் மழையில் பெருவெள்ளத்தையும் காடு தடுக்காது. காடு இருந்தால் வெள்ளமே வராது என்று சொல்பவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். இதற்கு அரை ஸ்டார் கழித்துக்கொள்கிறேன்.

விறகு, தேன், காளான், மூங்கில், மருந்து வேர், வயலுக்குத் தழை, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதிகம் பேசப்படாதது தேனீ. கோஸ்டாரிகாவில் 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றில், காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த காபிச் செடிகள் 20 சதவீதம் கூடுதலாக மகசூல் கொடுத்தன, காட்டுத் தேனீக்கள் வந்துபோன புண்ணியத்தில்.

இப்போது என் உண்மையான புகார், பில். காட்டை ஒட்டி இருப்பவர்தான் ராத்தூக்கம் கெட்டுப் பன்றி விரட்டுகிறார், மேய்ச்சலுக்குத் தடை என்றாலும் அவருக்குத்தான். சுத்தமான தண்ணீர் கீழே இருக்கும் நகரத்துக்குப் போகிறது, நகரம் சல்லிக்காசு தருவதில்லை. முடியாத காரியமும் இல்லை இது. நியூயார்க் நகரத்தின் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் கேட்ஸ்கில் மலைப்பக்கத்திலிருந்தும் டெலவேர் ஆற்றின் தலைப்பகுதியிலிருந்தும் வருகிறது. வடிகட்டும் ஆலை கட்டினால் பல நூறு கோடி டாலர் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 1997-ல் மேலே இருக்கும் ஊர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், நிலத்தைக் காக்கப் பணமும் கொடுத்தார்கள். இன்றும் அந்தத் தண்ணீருக்குக் கிருமிநீக்கம்தான், வடிகட்டல் கிடையாது. நேபாளத்தில் வேறு வழி, 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு காட்டை ஊர்க்குழுக்களிடமே ஒப்படைத்தார்கள், எப்போது எதை வெட்டுவது, விற்ற காசை எதற்குச் செலவழிப்பது என்பதை அந்தக் குழுவே உட்கார்ந்து முடிவு செய்கிறது, இப்படி 20,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

ஆக காட்டுக்கு நாலரை. பில் போடுகிற பிரிவுக்கு ஒரு ஸ்டார், அதுவும் நேபாளத்தையும் கேட்ஸ்கில்லையும் பார்த்துப் போட்டது.