கார்பன் ஃபைபர் ட்ரைபாட்: மேல் நெசவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கோடியக்கரை உப்பளத்து வரப்பில் பூநாரை தேடி லென்ஸோடு நடப்பவனுக்கு எடை குறைந்தாலே பாதி நிம்மதி. அதனால்தான் அலுமினிய ட்ரைபாடை (கேமரா முக்காலியை) விட்டு கார்பன் ஃபைபருக்கு மாறினேன். கம்பெனி பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

கடைக்காரர் பெருமையாகத் தடவிக் காட்டியது வெளியே மினுங்கும் கட்டம்போட்ட நெசவை. அது பெரும்பாலும் அழகுக்குத்தான். கால்முனை ரப்பரைக் கழற்றி டார்ச் அடித்தால் வெட்டுமுகத்தில் அடுக்குகள் தெரிகின்றன: நெசவு மேலே ஒரே ஒரு படலம், உள்ளே எல்லாம் நீளவாக்கில் படுத்த இழைகள். பாரம் சுமப்பது அவைதான். பெட்டியில் ‘3கே’ என்று போட்டிருப்பது ஒரு கற்றையில் 3000 இழை என்ற கணக்கு மட்டுமே. எந்த ரக இழை என்று ஒரு வார்த்தை இல்லை.

ஓர் இழை சுமார் 7 மைக்ரான் தடிமன். அதற்குள் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாகப் பின்னி, நீளவாக்கை ஒட்டியே கிடக்கின்றன. வலைக்குள் பிணைப்பு அசுர உறுதி. வலைக்கும் வலைக்கும் நடுவே பலவீனம். கிராஃபைட்டில் அவை சுலபமாக வழுக்கும். இங்கே கசங்கி ஒன்றில் ஒன்று சிக்கியிருப்பதால் வழுக்குவதில்லை. ஜப்பானிய இழைக் கம்பெனி டோரேயின் டி300 போன்ற சாதாரண ரகத்துக்கே விறைப்பு 230 ஜிகாபாஸ்கல். எஃகுக்கு 200தான், அடர்த்தியோ இதைப்போல நாலு மடங்குக்கும் மேல்.

ஆனால் எபாக்சி என்ற பிசினில் தோய்ந்து குழாயான பிறகு, விறைப்பு நீளவாக்கில் 130 ஜிகாபாஸ்கல் சொச்சம் நின்றால், குறுக்கே 10-ஐத் தொடுவதே கஷ்டம். மூங்கில் மாதிரி, வளைத்தால் தாங்கும், பிளந்தால் பிளக்கும். நண்பரின் ட்ரைபாட் ஜீப் கதவில் மாட்டி நீளமாகக் கீறிவிட்டது. அலுமினியமாக இருந்தால் சொட்டையோடு போயிருக்கும். கீறல் ஓரத்தில் விரல் வைக்காதீர்கள், சிலாம்பு ஏறும்.

கடற்காற்றில் 500 மி.மீ. லென்ஸின் நடுக்கம் சட்டென்று அடங்குகிறது, அதற்கு முழு மதிப்பெண். அப்புறம், லென்ஸைத் திருப்பினால் கீழ்க்கால் லேசாக முறுக்கிக்கொள்கிறது. முறுக்கைத் தாங்க 45 டிகிரி சாய்ந்த அடுக்குகள் வேண்டும். அதில் சிக்கனம் பிடித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

பெரிய எரிச்சல் மூட்டுகள். கார்பன் மின்சாரம் கடத்தும். அதோடு ஒட்டிய அலுமினியத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம்தான் அரிபடும். என்னுடையதில் மூட்டின் அலுமினியப் பட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. வாரன்டி கேட்டதற்கு, சரியாகப் பராமரிக்கவில்லை என்று கையை விரித்தார்கள். இப்போது வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மூட்டைக் கழற்றிக் காயவைக்கிறேன்.

தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் வாங்கலாம். ஸ்டுடியோவில் ஒரே இடத்தில் நிறுத்துபவர்களுக்கு அலுமினியம் போதும். மிச்சப் பணத்துக்கு நல்ல பால் ஹெட் (ball head, கேமராவை எந்தப் பக்கமும் திருப்ப உதவும் உருண்டைத் தலை) வாங்கிக்கொள்ளுங்கள்.