மைஎஸ்கியூஎல் மெமரி டேபிள்: செஷனை வைக்கலாம், ஐடியை அதனிடம் கேட்காதீர்கள்

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவினாலே கூடவே வந்துவிடுகிற வசதி மெமரி ஸ்டோரேஜ் எஞ்சின். பழைய ஆட்களிடம் ஹீப் டேபிள் என்று சொன்னால்தான் சட்டென்று பிடிபடும். டேபிளின் வடிவம் மட்டும் டிஸ்கில் இருக்கும், உள்ளே இருக்கும் வரிசைகள் எல்லாம் ரேமில். சின்னச் சின்ன வியாபாரத் தளங்களைப் பராமரிப்பது என் தொழில். பிஎச்பியும் டேட்டாபேஸும் ஒரே சர்வரில் ஓடும், ரேமில் தரவை வைக்கும் ரெடிஸ் மென்பொருளைத் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அந்த மாதிரி இடங்களில் லாகின் செஷன்களை, அதாவது யார் உள்ளே வந்திருக்கிறார் என்ற குறிப்புகளை, இதில்தான் வைத்து ஓட்டிவருகிறேன். செஷனை வைக்க இது நல்ல இடம். ஆனால் ஒவ்வொரு செஷனுக்கும் ஐடி உருவாக்கும் வேலையை இதனிடம் விடவே கூடாது. எஞ்சினைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகத்தைத்தான் பேசுகிறார்கள், இந்த இரண்டாவது விஷயத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் மொத்த வியாபாரியின் ஆர்டர் தளம் பராமரிப்புக்காக என் கைக்கு வந்தது. முன்பு கட்டியவர்கள் செஷன் டேபிளை மெமரி எஞ்சினில் போட்டு, ஐடிக்கு ஆட்டோ இன்கிரிமென்ட் (1, 2, 3 என்று தானாகக் கூடும் எண்) வைத்திருந்தார்கள். அந்த எண்ணே அப்படியே பிரவுசரின் குக்கீயிலும் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "சார், நான் போட்டது ரவுண்ட் நெக் பனியன். இங்க குழந்தைங்க டிரவுசர் ஆர்டர் தெரியுது. கடை பேரும் வேற."

முந்தின இரவு சர்வர் ரீஸ்டார்ட் ஆகியிருந்தது, அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல் நின்று எழுந்தால் மெமரி டேபிள் காலியாகிவிடும், ஆட்டோ இன்கிரிமென்ட்டும் மறுபடி 1-இல் தொடங்கும். கிளினிக் டோக்கன் மாதிரிதான். நேற்றைய 37-ஆம் டோக்கனைப் பையில் வைத்திருப்பவர் இன்று வந்து நீட்டினால், இன்று 37 வாங்கியவரின் ஃபைல் திறக்கும். டிஸ்கில் தரவை வைக்கும் இன்னொரு எஞ்சினான இன்னோடிபியின் டேபிளில், 8.0 பதிப்பிலிருந்து, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் எண் விட்ட இடத்திலிருந்தே தொடரும். மெமரி டேபிளில் அந்தத் தொடர்ச்சி கிடையாது. சர்வர் மறந்துவிட்டது, பிரவுசர் மறக்கவில்லை. இதற்கு ரீஸ்டார்ட்கூடத் தேவையில்லை. குக்கீயில் 37-ஐ 38 ஆக மாற்றத் தெரிந்த எவரும் அடுத்தவர் கணக்குக்குள் போய்விடலாம்.

சரி, எண் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் வேறு ஐடி தரும் மைஎஸ்கியூஎல்லின் யூயூஐடி ஃபங்ஷனை வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். அதைச் சில நொடி இடைவெளியில் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். 36 எழுத்தில் முதல் 8 எழுத்து மட்டும்தான் பெரும்பாலும் மாறியிருக்கும், மீதி அச்சு அசல் அதேதான். காரணம், அது கொடுப்பது முதலாம் வகை யூயூஐடி. 100 நானோநொடி அளவில் நேரத்தை எழுதி, கடைசியில் சர்வரின் மேக் முகவரியை (நெட்வொர்க் அட்டையின் எண்) ஒட்டித் தருகிறது. நேரத்தின் கீழ்ப்பகுதிதான் அந்த முதல் 8 எழுத்து. அது ஒரு முழுச் சுற்று சுற்றி வர 7 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆக, தனித்தன்மை இருக்கிறது, ரகசியம் இல்லை. தனக்கு ஒரு ஐடி வாங்கிப் பார்த்த ஆளுக்கு, பக்கத்தில் லாகின் செய்தவரின் ஐடி எந்த எல்லைக்குள் இருக்கும் என்று தெரிந்துவிடும். யூகிக்க முடியாத ஐடி வேண்டுமென்றால் வேறு வழியில் உருவாக்கிக்கொள்ளுங்கள் என்று மைஎஸ்கியூஎல் கையேடே வெளிப்படையாக எச்சரிக்கிறது. யூயூஐடி ஷார்ட் என்ற இன்னொரு ஃபங்ஷன் இன்னும் மோசம். அதில் சர்வர் எண்ணும் சர்வர் தொடங்கிய நேரமும் இருக்கும், அதன் மேல் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். பிஎச்பியின் யூனிக்ஐடியும் மைக்ரோநொடி நேரம்தான். அதை எம்டி5 என்ற கலக்கும் ஃபங்ஷனுக்குள் போட்டு எடுத்தால் பார்க்கக் குழப்பமாக இருக்கும், யூகிப்பது ஒன்றும் கடினமாகிவிடாது.

நான் செய்வது இதுதான். பிஎச்பி 7.0-இலிருந்து இருக்கும் ரேண்டம் பைட்ஸ் ஃபங்ஷனிடம் 16 பைட் வாங்குகிறேன். அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாதுகாப்பான தற்செயல் மூலத்திலிருந்து வருவது. 16 பைட் என்றால் 128 பிட், அது 39 இலக்க எண். நொடிக்கு 1,000 ஐடி வீதம் கிட்டத்தட்ட 58 கோடி ஆண்டு கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் இரண்டு ஐடி ஒன்றாகிவிடக் கணிசமான வாய்ப்பு வரும். அப்படியும், ஒரே ஐடி இரண்டு தடவை நுழையாமல் தடுக்கும் பிரைமரி கீயை வைக்காமல் விடுவதில்லை. முதலில் செலக்ட் போட்டு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு இன்சர்ட் செய்கிற பழக்கம் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு ரிக்வெஸ்ட் புகுந்துவிடலாம். நேராக இன்சர்ட் செய்யுங்கள். அந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை எண் 1062 வந்தால் வேறு ஐடி எடுத்து மறுபடி போடுங்கள்.

பிஎச்பியில் செஷனுக்கான ஸ்ட்ரிக்ட் மோட் இயல்பாக அணைந்தே இருக்கிறது. அதை ஆன் செய்யாவிட்டால், பிரவுசர் கொண்டுவரும் எந்த ஐடியையும் டேபிளில் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொண்டு அதே பெயரில் செஷன் திறந்துவிடும். ரீஸ்டார்ட்டில் காலியாகிற டேபிளுக்கு இது கூடவே கூடாது. செஷனைப் படித்து எழுதும் ஹேண்ட்லரை நீங்களே எழுதியிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐடி உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலிடேட் ஐடி முறையையும் அதில் எழுதினால்தான் ஸ்ட்ரிக்ட் மோட் வேலை செய்யும், இல்லாவிட்டால் ஆன் செய்தும் பலனில்லை. அப்புறம், லாகின் ஆனதும் புது ஐடி கொடுப்பதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது எஞ்சினின் இட விஷயத்துக்கு வருகிறேன். மெமரி டேபிளில் வரிசைகள் நிலையான நீளத்தில்தான் உட்காரும், நீளம் மாறக்கூடிய வார்கேர் வகையைப் போட்டாலும் முழு நீளத்துக்கும் இடம் பிடித்துக்கொள்ளும். செஷன் தரவுக்கு 4,000 எழுத்து வார்கேர் என்று வைத்து, எழுத்துக் குறியீடு யூடிஎஃப்8எம்பி4 (எழுத்துக்கு 4 பைட் வரை) என்றால், உள்ளே பத்து எழுத்து இருந்தாலும் வரிசைக்கு 16,000 பைட் போய்விடும். ஒரு டேபிளுக்கு இயல்பான எல்லை 16 எம்பி. ஆயிரம் சொச்சம் பேர் வந்ததும் பிழை எண் 1114, டேபிள் நிரம்பிவிட்டது என்று வந்து நிற்கும். பழையதைத் தானாக வெளியே தள்ளாது, புதியவருக்குக் கதவைச் சாத்திவிடும். அந்த எல்லையைக் கூட்டினாலும் ஏற்கெனவே இருக்கும் டேபிளுக்கு உடனே ஒட்டாது, ஆல்டர் செய்தால் ஒட்டும். நீளமான தரவுக்கான டெக்ஸ்ட், பிளாப் காலம்கள் (நெடுவரிசைகள்) கிடையவே கிடையாது. அதனால் ஐடியை 32 எழுத்து ஹெக்ஸாக யூடிஎஃப்8எம்பி4-இல் வைத்து 128 பைட் வீணாக்காமல், 16 பைட் பைனரி காலமில் வைக்கிறேன். தரவுக்கும் வார்பைனரிதான்.

வரிசையைத் தேட உதவும் இண்டெக்ஸ் இங்கே இயல்பாக ஹாஷ் வகை. ஐடியைக் கொடுத்து ஒரே ஒரு வரிசையை எடுக்க அருமையாக இருக்கும். காலாவதியான செஷன்களை நேரத்தை வைத்து அழிக்க அது உதவாது, அந்தக் காலமுக்குத் தனியாக, வரிசைப்படுத்தி வைக்கும் பிட்ரீ இண்டெக்ஸ் கேட்டு வாங்க வேண்டும். நேர வரிசையில் வருகிற ஏழாம் வகை யூயூஐடியை இங்கேயும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். இன்னோடிபியில் அதற்குப் பலன் உண்டு, ஹாஷ் இண்டெக்ஸில் நேர வரிசைக்கு வேலையே இல்லை.

குறை என்று சொன்னால் பெரிய குறை பூட்டுதான். யார் எழுதினாலும் முழு டேபிளும் பூட்டிக்கொள்ளும். செஷன் டேபிளில் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் ஒரு தடவை எழுத வேண்டிவரும் என்பதால் கூட்டம் ஏறும்போது இது தெரியும். கடைசியாக வந்த நேரத்தை ஒவ்வொரு கிளிக்குக்கும் எழுதாமல், ஒரு நிமிடம் கடந்திருந்தால் மட்டும் எழுதும்படி மாற்றியதில் திருப்பூர் தளத்தில் நெருக்கடி குறைந்தது.

ஒரு சர்வர், ஒரு நேரத்தில் சில நூறு பேர், ரீஸ்டார்ட் ஆனால் மறுபடி லாகின் செய்யச் சொல்லலாம் என்கிற நிலைமை இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரெப்ளிகேஷன், அதாவது ஒரு சர்வரின் தரவை மற்ற சர்வர்களில் நகலெடுப்பது, இருக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். மூல சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் அதன் காலி டேபிள் மற்ற நகல்களையும் காலியாக்கிவிடும். பாதியில் கைவிட முடியாத எதையும், குறிப்பாகப் பணம் கட்டும் கட்டத்தில் இருக்கும் ஆர்டரை, செஷனோடு சேர்த்து இதில் வைக்காதீர்கள். அதற்கு இன்னோடிபி டேபிள்தான் இடம். திருப்பூர் தளத்தில் ஆர்டருக்குப் பொருள் சேர்க்கும் கூடையை அங்கே மாற்றிவிட்டோம். மெமரி டேபிளில் இப்போது ஐடி, பயனர் எண், கடைசியாக வந்த நேரம் என்று மூன்றே காலம்கள்தான் இருக்கின்றன.