சுங்கை சிப்புட் சிந்தனை வகுப்பு: தாராளமாகப் போகலாம்

தோட்ட மண்டபத்தில் பெரியவர்களுக்காக நடக்கும் இந்த வகுப்பு, சமயச்சார்பற்ற மனிதநேயத்தையும் (கடவுளைச் சாராமல் மனித அறிவிலும் அறத்திலும் ஊன்றும் கொள்கை), டிரான்ஸ்ஹியூமனிசத்தையும் (தொழில்நுட்பத்தால் மனித உடல், மனத்தின் எல்லைகளைத் தாண்டலாம் என்னும் கொள்கை) ஒரே மாலையில் எடுத்துக்கொள்கிறது. முதல் அரைமணியைத் தவறவிடாதீர்கள். மனிதநேயர்களின் 1952 ஆம்ஸ்டர்டாம் பிரகடனத்தையும் 1998 டிரான்ஸ்ஹியூமனிஸ்ட் பிரகடனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படிக்கிறார்கள். இரண்டும் கடவுளை நாடவில்லை, அறிவியலை நம்புகின்றன.

பிரியும் இடம் உடல். காது மந்தமான தாத்தாவுக்குக் கருவி பொருத்துவதில் சண்டையே இல்லை. எவரையும்விடக் கூர்மையாகக் கேட்க வைக்கும் சில்லைப் பேரனுக்குப் பொருத்தலாமா என்றால், டிரான்ஸ்ஹியூமனிஸ்ட் ‘அவன் விருப்பம்’ என்பார். மனிதநேயரோ பெரும்பாலும், வசதியில்லாத வீட்டுப் பிள்ளையின் கதி என்ன என்றுதான் முதலில் கேட்பார். மூப்பும் அப்படித்தான்: டிரான்ஸ்ஹியூமனிஸ்டுக்கு அது சரிசெய்ய வேண்டிய கோளாறு. இந்தப் பகுதியை அருமையாக நடத்துகிறார்கள்.

பெரிய குறை, பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியை விட்டுவிட்டது. ஆம்ஸ்டர்டாம் பிரகடனம் பிறந்த 1952 மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும், 1957இல் டிரான்ஸ்ஹியூமனிசம் என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே. யார் பிள்ளை பெறலாம் என்பதைக் கட்டுப்படுத்தி மனித இனத்தை ‘மேம்படுத்த’ நினைத்த கொள்கைதான் யூஜெனிக்ஸ்; பிரிட்டனின் யூஜெனிக்ஸ் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவர் அவர். ‘மேம்பட்ட மனிதன்’ என்றாலே மனிதநேயர் பலர் ஏன் தயங்குகிறார்கள் என்பது இது தெரியாமல் புரியாது.

கொடுக்கும் தாளில் எழுத்து ரொம்பப் பொடி. கண்ணாடி கொண்டுபோங்கள்.